சீரியல் வில்லி பேசினால் என் மனசு பேசுவதுபோல் இருக்கிறது

கேள்வி: மேடம், எனக்கு 37 வயது. தண்டையார்பேட்டையில் மாமியார் வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன், ஃபால்ஸ் அடிக்கிறேன். ராத்திரி நானும் மாமியாரும் ஒரு சீரியல் பார்ப்போம். அதில் மூத்த மருமகள் எல்லா வேலையும் செய்வாள், வாயே திறக்க மாட்டாள். அவளைப் பார்த்தால் என்னையே பார்ப்பதுபோல் இருக்கும், அழுகை வரும். போன வாரம் அதில் வருகிற வில்லி, அவளும் அந்த வீட்டு மருமகள்தான், புதிதாக வந்த பெண்ணின் பட்டுப் புடவையை அயர்ன் பாக்ஸ் வைத்து வேண்டுமென்றே கருக்கினாள். கருக்குவதற்கு முன்னால் அவள் மனசுக்குள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் நான் என் ஓரகத்தியைப் பற்றி நினைத்தது. ஓரகத்தி மெட்ரோ பிடித்து கிண்டிக்கு வேலைக்குப் போகிறாள், மாமியார் அவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுக்கிறார். காலையில் எழுந்து பம்பு அடித்து எல்லாருக்கும் தண்ணீர் பிடிப்பது நான். கொஞ்ச நாள் முன்பு அவள் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டில் கையைத் தெரிந்தே இறுக்கமாகத் தைத்தேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த சீனைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. பத்தாவது படிக்கிற என் பெண் வேறு, "நீ அப்டியே அந்த வில்லி மாறியே மூஞ்ச வெச்சிக்கினு இருக்கம்மா" என்கிறாள். அவள் உட்கார்ந்து பார்க்க மாட்டாள், "அதுல நம்ம ஏரியா மாறி பேசுறவங்கன்னா வீட்டு வேல செய்றவங்க மட்டும்தான்" என்று திட்டிக்கொண்டே போவாள். வீட்டுக்காரர் எனக்கு சீரியல் பார்த்துப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறார். நான் நல்லவளா, கெட்டவளா? சீரியலை விட்டுவிடலாமா? எனக்குப் பைத்தியம்தானா?

பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அந்தப் பயத்தோடு படித்தால் மற்றது எதுவும் மனசில் ஏறாது. உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. டிவியில் வருகிறவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், தனக்கு மட்டும் ரகசியமாக ஏதோ சொல்லி அனுப்புகிறார்கள், டிவியை அணைத்த பிறகும் அந்தக் குரல் கேட்கிறது என்று உறுதியாக நம்புகிறவர்கள் என்னிடம் வருவதுண்டு. அது வேறு. அதற்கு மனநல மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும், சீக்கிரம் போனால் நல்ல பலனும் இருக்கும். நீங்களோ கதை கதைதான் என்று தெரிந்து, அந்தக் கதையில் உங்கள் நினைப்பு ஒன்றை அடையாளம் கண்டு, அது பிடிக்காமல் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். மனசு சரியாக வேலை செய்கிறவர்களுக்குத்தான் இப்படி வலிக்கும்.

திரையில் வருகிறவர்கள் மேல் இவ்வளவு ஒட்டுதல் எப்படி வருகிறது என்று 1956-லேயே அமெரிக்காவில் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் எழுதியிருக்கிறார்கள். ஒருவரைத் திரும்பத் திரும்பத் திரையில் பார்த்தால், நேரில் பழகியவர் போலவே அவரோடு ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது, அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு நாம் யாரென்றே தெரியாவிட்டாலும். வாரம் முழுக்க, அதே நேரத்தில், உங்கள் ஹாலுக்கு வந்துபோகிற பெண் அவள். எதிர்வீட்டு அக்கா மனசில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, இவள் மனசில் இருப்பது முழுசாகத் தெரியும். அவள் எதற்கு அழுதாள், எதற்குக் கதவுக்குப் பின்னால் நின்றாள் எல்லாம் தெரியும். பார்க்கிற அந்த அரை மணி நேரம் அவள் கண்ணால்தான் நீங்களும் அந்த வீட்டைப் பார்க்கிறீர்கள், அதில் தப்பே இல்லை, கதை என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான்.

ஆனால் ஒன்றை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், அடுத்த தடவை பார்க்கும்போது கவனியுங்கள். இந்த சீரியல்களில் மனசுக்குள் பேசுகிற வசனம் பெரும்பாலும் யாருக்கு வருகிறது? வில்லிக்குத்தான். அவள் மாடிப்படி வளைவில் நிற்பாள், கேமரா அவள் முகத்துக்குக் கிட்டே போகும், உதடு அசையாது, "நான் இந்த வீட்டுக்கு வந்து இவ்ளோ வருஷமா உழைச்சிருக்கேன், நேத்து வந்தவளுக்கு இவ்ளோ மரியாதையா" என்று குரல் மட்டும் ஓடும். நல்ல மருமகளுக்கு அப்படி ஒரு குரல் கொடுப்பதே இல்லை, கொடுத்தாலும் சாமி படத்துக்கு முன்னால் நின்று "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று வேண்டிக்கொள்வதோடு சரி. நல்லவளுக்கு அலுப்பு வராது, இடுப்பு வலிக்காது, கையில் நாலு காசு இருந்தால் தேவலை என்று தோன்றாது, யாரைப் பார்த்தும் வயிறு எரியாது. ஒரு பெண்ணுக்குச் சாதாரணமாக வருகிற இந்த எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்து வில்லி கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

அப்படியிருக்க, உயிரோடு இருக்கிற எந்தப் பெண் தன் மனசில் ஓடுகிற பேச்சை சீரியலில் தேடினாலும் அது வில்லியின் வாயில்தான் கிடைக்கும், வேறு எங்கே கிடைக்கும் சொல்லுங்கள்? ஒரு முழுப் பெண்ணை இரண்டாக வகுந்து, பொறுமையை ஒருத்திக்கும் கோபத்தை இன்னொருத்திக்கும் கொடுத்து, இரண்டு பேரையும் ஒரே வீட்டில் குடிவைத்திருக்கிறார்கள், கதை ஓட அது தேவைப்படுகிறது. நீங்கள் இரண்டு பேரிடமும் உங்களைப் பார்த்திருக்கிறீர்கள். சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள், இரண்டும் சேர்ந்த ஆள் நீங்கள். எனக்கும் என்னைத் தேடி வருகிற பெண்களுக்கும் இதேதான்.

இன்னொரு விஷயம். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவரிடமும் இது உன்னுடைய குணத்தைப் பற்றிய அறிக்கை என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லார் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை, அதிலிருந்த வரிகளைக் கடையில் விற்கிற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். உன்னிடம் வெளியே வராத திறமை இருக்கிறது, வெளியில் தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறாய் என்கிற மாதிரி வரிகள், யாருக்குத்தான் பொருந்தாது? சீரியல் பாத்திரங்களும் அப்படித்தான் எழுதப்படுகின்றன, லட்சக்கணக்கான வீடுகளில் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்ட வேண்டுமே. நீங்கள் தையல்காரர், உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், கடையில் தொங்குகிற ஃப்ரீ சைஸ் நைட்டி உங்களுக்குச் சரியாக இருந்தது என்பதால் அதை உங்கள் அளவெடுத்துத் தைத்தார்கள் என்று ஆகாது. வில்லி பேசியது உங்களுக்குப் பொருந்தியது. அது உங்களைப் பற்றி எழுதிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது எனக்கு உண்மையில் கவலையாக இருப்பதைச் சொல்கிறேன். வில்லியிடம் உங்களைப் பார்த்தது எனக்குக் கவலை இல்லை, அந்த வாய் திறக்காத மூத்த மருமகளிடம் உங்களைப் பார்த்து இத்தனை நாள் அழுதீர்களே, அதுதான்.

1984-ல் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் வந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்காது, மாமியாருக்கு ஒருவேளை இருக்கலாம். மக்களுக்கு நல்லது சொல்ல வேண்டும் என்றே திட்டம்போட்டு எடுத்த தொடர் அது. மெக்சிகோவில் மிகெல் சபிதோ என்பவர் எழுபதுகளில் சீரியல் மூலமாக முதியோர் கல்வி, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் சொல்லியிருந்தார், அந்த வழியில் இங்கே செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் திரையில் வந்து அன்றைய கதையைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார். அதில் பகவந்தி என்று ஒரு அம்மா. புருஷன் ஏச்சையும் மாமியார் பேச்சையும் எல்லாம் தாங்கிக்கொண்டு, தனக்கென்று எதுவும் கேட்காமல் வீட்டுக்காகவே தேய்கிற பெண். இப்படி இருக்காதீர்கள், இப்படி இருந்தால் என்ன கதி ஆகிறது பாருங்கள் என்று காட்டத்தான் அந்தப் பாத்திரத்தை வைத்தார்கள். ஆனால் பார்த்தவர்களிடம் பிறகு ஆராய்ச்சியாளர்கள் போய்க் கேட்டபோது, பலரும் பகவந்திதான் பெண்ணுக்கு முன்மாதிரி, அவளைப்போல்தான் இருக்க வேண்டும் என்றார்கள். பெண்களும் சொன்னார்கள். எச்சரிக்கையாக வைத்தவளை இலட்சியமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நீங்கள் அழுததும் இப்படி ஒரு அழுகையோ என்று எனக்குச் சந்தேகம். அவள் கஷ்டப்படுவதைப் பார்க்கும்போது உங்கள் கஷ்டத்துக்கு ஒரு பெருமை கிடைக்கிறது, கிளைமாக்ஸில் எல்லாரும் அவள் காலில் விழுவார்கள், நமக்கும் ஒருநாள் அப்படி நடக்கும் என்று மனசு ஓரத்தில் ஒரு நம்பிக்கை வருகிறது. சீரியலில் அவள் வாய் திறக்காததற்குக் காரணம், திறந்தால் கதை ஒரே வாரத்தில் முடிந்துவிடும். உங்கள் வீட்டில் அப்படி இழுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

அதற்காக சீரியலை விடச் சொல்ல மாட்டேன். டிவி பெண்களைக் கெடுக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுகிற ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2009-ல் வெளியிட்டது. தமிழ்நாடு உட்பட இந்தியாவின் சில மாநிலங்களில், கேபிள் டிவி புதிதாக வந்த கிராமங்களில் என்ன மாறியது என்று பார்த்தார்கள். புருஷன் அடித்தால் அது சரிதான் என்று சொல்கிற பெண்கள் குறைந்திருந்தார்கள், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பது குறைந்திருந்தது, பெண்கள் தாங்களாக முடிவெடுப்பது கூடியிருந்தது. வேறு மாதிரி வாழ்கிற பெண்ணைத் திரையில் பார்ப்பதே ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. அதனால் பாருங்கள். மாமியாரும் நீங்களும் சேர்ந்து உட்காருகிற நேரம் ஒரு நாளில் அது ஒன்றுதான் என்றால் அதை விடவே கூடாது. தூக்கம் சரியாகும்வரை மட்டும் படுக்கப்போகிற நேரத்தில் பார்க்காமல், மறுநாள் மதியம் போடும்போது பாருங்கள், போதும்.

சரி, ஜாக்கெட்டுக்கு வருவோம். இதை மட்டும் நான் லேசாக விடப் போவதில்லை. நினைப்பு யாருக்கும் எதுவும் வரும், அதற்குக் கணக்குக் கேட்க முடியாது. கையை இறுக்கித் தைத்தது நினைப்பு இல்லை, நீங்கள் செய்த காரியம். சின்னதுதான், ஆனால் அது உங்களை உறுத்துகிறது, உறுத்துவது நியாயம், ஏனென்றால் உங்கள் தொழில் சுத்தம் அதில் இருக்கிறது. நல்ல வேளை, நீங்களே சரிசெய்யக்கூடிய காரியம். உள்ளே துணி விட்டிருப்பீர்கள் அல்லவா, "அந்த ஜாக்கெட் கை புடிக்குதில்ல, குடு, பிரிச்சித் தரேன்" என்று கேட்டு வாங்கி, பக்கத் தையலைப் பிரித்து, அவள் கை மடக்கினாலும் இழுக்காத மாதிரி விட்டுக் கொடுங்கள். வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லியே ஆக வேண்டுமா என்றால், என் கருத்தில் இப்போதைக்கு வேண்டாம். சீரியலில் உண்மை என்றால் எல்லாரும் ஹாலில் கூடி நிற்க, இடி மின்னலோடுதான் வெளியே வரும், அதைப் பார்த்துப் பார்த்து நமக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும்போல் ஆகிவிடுகிறது. அந்தப் பெண்ணோடு பழக்கம் நன்றாக வந்து, ஒருநாள் சொல்லலாம் என்று தோன்றினால் அன்றைக்குச் சொல்லுங்கள்.

ஆனால் தையலைப் பிரித்தால் மட்டும் தீராது. வில்லி பேசிய வரிகளில் எந்த வரி உங்களை அதிகம் தைத்தது என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். பட்டுப் புடவையா? எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதியது டிபன் பாக்ஸும் பம்பும்தான். விடிவதற்கு முன்னால் எழுந்து, குனிந்து நிமிர்ந்து அந்தக் கைப்பிடியை அடித்து, குடம் குடமாக ரொப்பி, அந்தத் தண்ணீரில்தான் வீட்டில் சோறு ஆகிறது, அந்த டிபன் பாக்ஸும் கழுவப்படுகிறது. அதை யாரும் வேலையாகவே எண்ணவில்லை. நாள் முழுக்க மெஷின் மிதித்துச் சம்பாதிக்கிற காசும் "வீட்ல சும்மா இருக்கும்போது தைக்கிறது" என்று போய்விடுகிறது, அப்படித்தானே? பொறாமை என்று நீங்கள் பெயர் வைத்திருப்பதில் பாதி, உங்களுக்கு வர வேண்டிய மரியாதை வரவில்லை என்கிற கணக்கு. ஓரகத்தி அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. அவள் பாவம், வேலைக்குப் போகிறாள், அத்தை கட்டிக் கொடுக்கிற சோற்றை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

கேட்க வேண்டியது மாமியாரிடமும் வீட்டுக்காரரிடமும். கேட்கும்போது சின்னவளை இழுக்காதீர்கள், "அவளுக்கு மட்டும்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே சண்டையாகிவிடும். உங்களைப் பற்றி மட்டும் பேசுங்கள். "அத்தை, காலைல தண்ணி அடிக்கிறது எனக்கு முடியல, தோள்பட்டை வலிக்குது. வாரத்துல ரெண்டு நாள் வேற யாராவது அடிக்கட்டும்." அவ்வளவுதான். விளம்பர இடைவேளையில் சொன்னால்கூட நல்லது, எதிரெதிரே முகம் பார்த்து உட்கார்ந்து பேசுவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது நம் வீடுகளில் எளிது. முதல் தடவை அவர் முகம் சுளிக்கலாம். இரண்டாம் தடவையும் அதே வார்த்தையை, அதே குரலில் சொல்லுங்கள். வீட்டில் மாமியாரின் ஆம்பளைப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்களே, பம்பு அடிக்கிற கை பொம்பளைக் கையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

உங்கள் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் உங்களை வில்லி என்று சொல்லவில்லை, உங்கள் முகம் வில்லி முகம் மாதிரி இருக்கிறது என்றாள். அம்மா எப்போது பார்த்தாலும் எதையோ உள்ளுக்குள் மென்றுகொண்டு இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிகிறது. "எப்போ அப்படி இருக்கேன், எனக்கே தெரியல, சொல்லேன்" என்று கோபமில்லாமல் கேளுங்கள். பத்தாவது படிக்கிற பிள்ளைகள் கேட்டால் நன்றாகச் சொல்வார்கள்.

அவள் சொன்ன இன்னொன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. நம் பக்கத்துப் பேச்சு பேசுகிறவர்கள் டிவியில் வீட்டு வேலை செய்கிறவர்களாக மட்டும் வருகிறார்கள் என்கிறாளே, அது உண்மை. வீட்டு வேலை செய்வது கௌரவமான உழைப்பு, அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்றால் ஒன்று அரிவாள், இல்லையென்றால் சிரிக்க வைக்கிற பேச்சு என்று மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினால், இங்கே வளர்கிற பிள்ளை தன்னை எங்கே போய்த் தேடும்? நீங்கள் திரையில் உங்களை அதிகமாகப் பார்த்துவிட்டுத் தவிக்கிறீர்கள், அவள் தன்னைப் பார்க்கவே முடியாமல் கோபப்படுகிறாள். ராயபுரத்திலும் பெரம்பூரிலும் நான் பேசுகிற பிள்ளைகளில் பலர் காலேஜ் இன்டர்வியூவுக்குப் போகும்போது தெரு பெயரையே மாற்றிச் சொல்கிறார்கள். உங்கள் பெண் அதைக் கண்டுபிடித்து வாய்விட்டுத் திட்டுகிறாள் என்றால் அவளை அடக்காதீர்கள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா உங்களுக்குப் பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். 1991-லும் 1995-லும் கேரமில் உலக சாம்பியனான மரிய இருதயமும் சென்னைக்காரர்தான். இவர்களைப் பற்றி அவளோடு பேசுங்கள், உங்கள் தையலைப் பற்றியும் பேசுங்கள். அம்மா வாயிலிருந்து தன் உழைப்பைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறாளா என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்காரர் பைத்தியம் என்றதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன், நீங்களும் வேண்டாம். "அப்படிச் சொல்லாதீங்க, எனக்கு நிஜமாவே தூக்கம் வரல" என்று நேராகச் சொல்லுங்கள். பேச்சு கை ஓங்குவதில் போய் நிற்கிற வீடு என்றால் (நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்) பெண்களுக்கான 181 எண் இருக்கிறது.

இன்னும் இரண்டு வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், தைக்க உட்கார்ந்தால் கை ஓடாமல் இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். 14416-க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். நேரில் பார்க்க வேண்டும் என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுக்கொள்ளுங்கள். என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றால் எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம், தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்.